மின்விசிறியைக் கழற்றிய நிர்வாகக் குழுவுக்கு ஒரு திறந்த மடல்

சங்கத் தலைவர், செயலாளர், பொருளாளர், நிர்வாகக் குழு உறுப்பினர்கள் அனைவருக்கும்,

அறிவிப்புப் பலகையில் நீங்கள் ஒட்டிய சுற்றறிக்கை பற்றி எழுதுகிறேன். ஈ.பி. கட்டணம் கட்டுப்படியாகவில்லை என்று அது தொடங்குகிறது. அதனால் காவலர் அறைகள் இரண்டிலும் உள்ள மின்விசிறிகளைக் கழற்ற முடிவாம். வீட்டு வேலைக்கு வருபவர்களும் டெலிவரி கொண்டுவருபவர்களும் இனி படியேறித்தான் போக வேண்டுமாம், லிஃப்ட் கிடையாதாம். பராமரிப்புக் கட்டணம் வீட்டுக்கு மாதம் 300 ரூபாய் கூடுகிறது. கடைசிப் பத்தியில், இப்போதுள்ள ஜெனரேட்டரைக் கொடுத்துவிட்டு, வீட்டுக்கு ஒரு ஏ.சி. ஓடும் அளவுக்கு 250 கே.வி.ஏ. திறனுள்ள ஜெனரேட்டர் வாங்க விலைப்புள்ளி கேட்டிருப்பதாகச் சொல்கிறீர்கள். கரன்ட் பில் கட்டக் காசில்லை என்று ஆரம்பித்த கடிதம் 20 லட்சத்தைத் தாண்டும் கொள்முதலில் போய் முடிகிறது. எழுதியவர் முதல் பத்தியை ஒரு தடவை திரும்பிப் படித்திருக்கலாம்.

நான்கு முடிவுகளில் ஒன்று மட்டும் அன்றைக்கே நிறைவேறியது. மின்விசிறிகளைக் கழற்றிவிட்டீர்கள். தகரக் கூரை, மேற்குப் பார்த்த ஜன்னல். அந்த அறையில் பகல் ஷிஃப்ட்டில் உட்காருபவருக்கு அறுபது வயதுக்கு மேல் இருக்கும். கோயம்புத்தூர் குளுகுளு ஊர் என்று யாராவது இன்னும் நம்பிக்கொண்டிருந்தால், ஏப்ரல் மாதம் மதியம் இரண்டு மணிக்கு அந்த நாற்காலியில் கொஞ்ச நேரம் உட்கார்ந்து பார்க்கட்டும்.

நூற்பாலைகளில் எலக்ட்ரிகல் மெயின்டனன்ஸ் பார்த்து ஓய்வு பெற்றவன் நான். மில்லில் காலையில் மேனேஜர் கேட்கும் முதல் கேள்வியே ஒரு கிலோ நூலுக்கு எத்தனை யூனிட் என்பதுதான். யு.கே.ஜி. என்போம். அந்த எண் கொஞ்சம் ஏறினாலும் எந்த டிபார்ட்மெண்டில், எந்த மோட்டாரில் என்று தேடிப் போவோம். 2008 கடைசியில் மின்வெட்டும் சாயங்கால உச்ச நேரக் கட்டுப்பாடும் வந்ததிலிருந்து, 2012-இல் நாளின் பெரும்பகுதி கரன்ட் இல்லாமல் தவித்தது வரை, இந்த மாவட்டத்து ஆலைகள் ஒவ்வொரு யூனிட்டையும் எண்ணித்தான் பிழைத்தன. 96 வீடுகள் உள்ள நம் வளாகத்தில் பொது இணைப்பு மாதம் எத்தனை யூனிட் இழுக்கிறது என்று குழுவில் ஒருவரிடம் கேட்டேன். “அறுபதாயிரம் வருதுங்க” என்றார். ரூபாயைச் சொன்னார், யூனிட்டை அல்ல. நம் கோளாறு அங்கேயே தொடங்கிவிடுகிறது.

கட்டணம் ஏறியது உண்மைதான். 2022 செப்டம்பர் வரை பொது இணைப்புக்கும் வீட்டுக் கட்டணம்தான் இருந்தது. அந்த மாதம் அடுக்குமாடிப் பொதுப் பயன்பாட்டைத் தனிப் பிரிவாக்கி யூனிட்டுக்கு 8 ரூபாய் வைத்தார்கள். 2023 ஜூலையில் அது 8 ரூபாய் 15 காசு, 2024 ஜூலையில் 8 ரூபாய் 55 காசு. 10 வீடுகளுக்குள், 3 மாடிகளுக்குள், லிஃப்ட் இல்லாத கட்டடங்களுக்கு மட்டும் 2023 இறுதியில் 5 ரூபாய் 50 காசாகக் குறைத்தார்கள். நமக்கு அது பொருந்தாது. ஆகவே ரேட்டைப் பற்றி நீங்கள் புலம்புவதில் நியாயம் இருக்கிறது. ஆனால் ரேட்டை நிர்ணயிப்பது மின்சார ஒழுங்குமுறை ஆணையம். யூனிட்டைச் செலவழிப்பது நாம். இரண்டாவதைத்தான் இந்தக் கட்டடத்தில் யாரும் பார்க்கவில்லை.

இரண்டு வருட பில்களைக் கேட்டு எழுத்தில் கொடுத்தேன். “எதற்கு?” என்று திருப்பிக் கேட்டார்கள், பில் வரவில்லை. சரி என்று நானே மீட்டர் அறையில் ரீடிங் எடுக்க ஆரம்பித்தேன். கம்பியைக் கவ்வி ஆம்பியர் பார்க்கும் கிளாம்ப் மீட்டர் வீட்டில் சும்மாதான் கிடந்தது. நம் எலக்ட்ரீஷியன் தம்பி கூட நின்றான். அவனைக் கோபித்துக்கொள்ள வேண்டாம், பேனல் கதவைத் திறந்துவிட்டதைத் தவிர அவன் ஒன்றும் செய்யவில்லை. பார்த்ததைச் சொல்கிறேன். யூனிட் 8 ரூபாய் 55 காசு என்ற 2024 ஜூலை ரேட்டிலேயே எல்லாக் கணக்கும்.

காவலர் அறையில் இருந்தது 50 வாட் சுவர் மின்விசிறி. 24 மணி நேரமும் நிற்காமல் சுற்றினாலும் ஒரு நாளைக்கு 1.2 யூனிட், மாதம் 36 யூனிட், 308 ரூபாய். இரண்டு அறைக்கும் சேர்த்து 616. குளிர்காலம், ரோந்து போகும் நேரம் எல்லாம் கழித்தால் இன்னும் குறையும்.

லிஃப்ட் கதை இதைவிடச் சுவையானது. எட்டு மாடி ஏற அரை நிமிடம், மோட்டார் 5 கிலோவாட் இழுக்கிறது என்று தாராளமாகவே வைத்தாலும் ஒரு நடைக்கு 0.04 யூனிட் சொச்சம். 36 காசு. வேலைக்கு வரும் நாற்பது பேரும் ஏறி இறங்கினால் நாளைக்கு 30 ரூபாய்க்குள் முடிந்துவிடும். அதுவும் கூடுதலான கணக்கு. லிஃப்டில் கூண்டின் எடையோடு, அது தாங்கும் சுமையில் ஏறக்குறைய பாதியைச் சேர்த்துத்தான் எதிர் எடை தொங்கவிட்டிருப்பார்கள். ஒரே ஒரு ஆள் ஏறும்போது எதிர் எடைப் பக்கம்தான் கனம். அது கீழே இறங்க, கூண்டு தானாக மேலே போகப் பார்க்கும். மோட்டாருக்கு அப்போது வேலையே குறைவு. காலிக் கூண்டு கீழே வரும்போதுதான் அது முக்கி முனகும். ஆக, தனியாக ஏழாவது மாடிக்குப் போகும் அம்மாவைத் தடுத்து நீங்கள் மிச்சம் பிடிப்பது அநேகமாக ஒன்றுமே இல்லை. முழங்கால் வலியோடு படியேறுவது மட்டும் அவருக்கு மிச்சம். இந்த முடிவுக்கு மின்சாரம்தான் காரணமா என்று எனக்குச் சந்தேகம் உண்டு. வேறு காரணம் இருந்தால் அதைச் சுற்றறிக்கையில் எழுதுங்கள், ஈ.பி. மேல் பழி போடாதீர்கள்.

இரண்டையும் கூட்டினால் மாதம் 1,500 ரூபாய் வராது. இப்போது மற்றச் செலவுகளைப் பாருங்கள்.

தரைக்கீழ் பார்க்கிங்கில் 60 ட்யூப்லைட் எரிகின்றன. கட்டடம் கட்டிய 2011-இல் போட்டதே இன்னும் இருக்கிறது, 36 வாட் ட்யூபும் பழைய செம்புச் சோக்கும். சோக் தின்பதையும் சேர்த்தால் ஒன்றுக்கு 48 வாட். இரவும் பகலும் அணைவதில்லை. ஒரு நாளைக்கு 69 யூனிட், மாதம் 17,700 ரூபாய். நம் பில்லில் நான்கில் ஒரு பங்குக்கும் மேல், யாரும் நடமாடாத நேரத்திலும் கார்களுக்கு வெளிச்சம் காட்டப் போகிறது. 20 வாட் எல்.இ.டி. ட்யூப் மாட்டினாலே அது 7,400 ஆகிவிடும். மாதம் 10,000 ரூபாய்க்கு மேல் மிச்சம். 60 ட்யூப் வாங்கி மாட்டும் செலவு இரண்டு மாதத்தில் திரும்பிவிடும். ஒன்று விட்டு ஒன்றுக்கு ஆள் நடமாட்டத்தைக் கண்டு எரியும் சென்சார் வைத்தால் இன்னும் இறங்கும். தெருவிளக்குகளே எல்.இ.டி. ஆன பிறகும் நாம் சோக்கைக் கட்டிக்கொண்டு அழுகிறோம்.

அடுத்தது மோட்டார். இதில்தான் எனக்கு வயிறு எரிகிறது.

சம்ப்பிலிருந்து மேல்நிலைத் தொட்டிக்கு ஏற்றும் 7.5 எச்.பி. மோட்டார், ஓடும்போது 6.5 கிலோவாட் இழுக்கிறது. 96 வீட்டுக்கு ஒரு நாளைக்குச் சுமார் 50,000 லிட்டர் தேவை. அந்தத் தண்ணீரை அந்த உயரத்துக்கு ஏற்ற, நல்ல நிலையில் உள்ள பம்ப்செட் இரண்டு மணி நேரம் ஓடினால் போதும். 13 யூனிட். நம்முடையது ஆறு மணி நேரம் ஓடுகிறது, 39 யூனிட் தின்கிறது. போர் தண்ணீரின் உப்பில், உறிஞ்சும் குழாயின் அடியில் இருக்கும் ஃபுட் வால்வு சல்லடை பாதி அடைத்துக் கிடக்கிறது. பம்புக்குள் சுழன்று தண்ணீரைத் தள்ளும் இம்பெல்லர் தேய்ந்திருக்கிறது. மோட்டார் உறுமுகிறது, மேலே தண்ணீர் சன்னமாக விழுகிறது. போதாததற்கு, தொட்டி நிரம்பியதும் மோட்டாரை நிறுத்த வேண்டிய ‘பி’ பிளாக் ஃப்ளோட் சுவிட்ச் வேலை செய்வதில்லை. தொட்டி நிரம்பியது காவலருக்கு எப்படித் தெரியும் என்றால், மழைநீர்க் குழாயில் தண்ணீர் கொட்டும் சத்தம் கேட்கும். விடியற்காலையில் சத்தம் கேட்டு அவர் எழுந்து போய் அணைக்கிறார். நீங்கள் மின்விசிறியைக் கழற்றினீர்களே, அதே காவலர்தான். காசு கொடுத்து மேலே ஏற்றிய தண்ணீர், மோட்டார் ஓடிக்கொண்டிருக்கும்போதே சாக்கடைக்குப் போகிறது. இந்த ஒரு மோட்டாரில் வீணாவது மாதம் 780 யூனிட், 6,700 ரூபாய். இம்பெல்லர் மாற்றி, ஃபுட் வால்வு மாற்றி, ஃப்ளோட் சுவிட்ச் போட ஒரு மாதத்து வீணடிப்பு அல்லது அதற்குக் கொஞ்சம் மேலே ஆகும். இதை எழுத்தில் ஏற்கெனவே கொடுத்திருக்கிறேன். “அடுத்த மீட்டிங்கில் பேசலாம்” என்றீர்கள். அந்த மீட்டிங்கில்தான் மின்விசிறியைப் பற்றிப் பேசியிருக்கிறீர்கள்.

அந்த மீட்டிங் நடந்த கிளப் ஹவுஸ் பற்றியும் ஒரு வார்த்தை. அங்கே இரண்டு 2 டன் ஏ.சி., ரிமோட்டில் 18 என்று வைத்து. 2020 ஜனவரியிலிருந்து விற்பனைக்கு வரும் ஸ்டார் முத்திரை ஏ.சி.கள் போட்டதும் 24 டிகிரியில்தான் தொடங்க வேண்டும் என்று மத்திய அரசு விதி வைத்திருக்கிறது. ஒரு டிகிரி கூட்டினால் ஏறக்குறைய 6 சதவீதம் மின்சாரம் மிச்சம் என்று எரிசக்தித் திறன் அமைப்பே சொல்கிறது. கேரம் ஆட இருவர் இருந்தாலும் இரண்டு ஏ.சி.யும் ஓடுகிறது. நிறுத்தச் சொல்லவில்லை. 25-இல் வையுங்கள், ஆள் குறைவென்றால் ஒன்றை அணையுங்கள், அவ்வளவுதான்.

பார்க்கிங் விளக்கையும் மோட்டாரையும் சரிசெய்தாலே மாதம் 17,000 ரூபாய் மிச்சமாகிறது. நீங்கள் 96 வீட்டிலிருந்தும் கூடுதலாக வசூலிக்கப் போவது 28,800. பாதிக்கு மேல் இங்கேயே கிடைத்துவிட்டது. இன்னும் நிலைக்கட்டணம் இருக்கிறது. அது நாம் அனுமதி வாங்கி வைத்திருக்கும் சுமைக்குக் கிலோவாட் கணக்கில் போடுவது, நாம் பயன்படுத்தினாலும் இல்லாவிட்டாலும் வரும். கட்டுமானத்தின்போது ‘இருக்கட்டும்’ என்று கூடுதலாக வாங்கிய சுமைக்கு இன்றுவரை தண்டம் கட்டுகிறோம். மீட்டரில் பதிவாகும் உச்சத் தேவையைச் சில மாதம் பார்த்துவிட்டு, தேவையான அளவுக்குக் குறைக்கச் சொல்லி ஈ.பி. பிரிவு அலுவலகத்தில் மனு கொடுத்தால் போதும். வெறும் மனு, பொருள் எதுவும் வாங்க வேண்டியதில்லை. ஒருவேளை அதனால்தான் யாருக்கும் ஆர்வமில்லையோ என்னவோ.

ஜெனரேட்டருக்கு வருகிறேன்.

இப்போது இருப்பது 82.5 கே.வி.ஏ. முழுச் சுமையில் ஒரு ஃபேஸுக்கு 115 ஆம்பியர் கொடுக்கும். மாதாந்திரப் பராமரிப்பு என்று காலையிலிருந்து சாயங்காலம் வரை ஷட்டவுன் விடும் நாட்களில் பேனலைப் போய்ப் பார்த்திருக்கிறேன். லிஃப்ட், பொது விளக்கு, வீட்டுக்கு ஒரு விளக்கு ஒரு மின்விசிறி எல்லாம் சேர்ந்து 30 ஆம்பியர். அதாவது இருக்கும் ஜெனரேட்டரிலேயே கால்வாசிதான் பயன்படுகிறது. டீசல் இன்ஜின் எழுபது, எண்பது சதவீதச் சுமையில் ஓடினால்தான் எண்ணெய்க்கு ஏற்ற யூனிட் தரும், லிட்டருக்கு மூன்றரை யூனிட் வரை. முப்பது சதவீதத்துக்குக் கீழே ஓடினால் எண்ணெய் முழுதாக எரியாது. கரி படியும், புகைக்குழாயில் கறுப்பாகப் பிசுக்கு வடியும். நம் ஜெனரேட்டரின் புகைக்குழாய்க்குக் கீழே சுவரைப் பாருங்கள், தெரியும். டீசல் லிட்டர் 90 ரூபாய்க்கு மேல் விற்கும்போது, நன்றாக ஓடினாலே ஒரு யூனிட் 26 ரூபாய். இப்படிக் கால் சுமையில் ஓட்டினால் 35 ரூபாயைத் தாண்டும். இந்த லட்சணத்தில் அதைவிட மூன்று மடங்கு பெரியது வாங்குகிறோம். ஷட்டவுன் பெரும்பாலும் பகலில். பாதி வீடுகள் பூட்டிக் கிடக்கும் நேரம். ஏ.சி.க்காக வாங்கும் ஜெனரேட்டர் அப்போது பத்து, பதினைந்து சதவீதச் சுமையில் உருட்டிக்கொண்டிருக்கும். 2023 ஜூலையிலிருந்து புது ஜெனரேட்டர்களுக்கு மாசுக் கட்டுப்பாட்டு விதியும் இறுகியிருக்கிறது. விலையும் அதோடு ஏறியது. 2012 பட்ட பாட்டுக்குப் பிறகு இங்கே பல வீடுகளில் இன்வெர்ட்டர் இருக்கிறது. அப்புறம் இந்த ஜெனரேட்டர் யாருக்கு? ஷட்டவுன் நாளில் மதியம் ஏ.சி. போட்டுத் தூங்க விரும்பும் சில வீடுகளுக்கு. அதற்கு 96 வீடும் பணம் கட்ட வேண்டும், வாடகைக்கு இருப்பவர்கள் உட்பட. அவர்களுக்குப் பொதுக்குழுவில் ஓட்டுக்கூடக் கிடையாது.

அதே பணத்தில் பாதிக்கு மொட்டை மாடியில் 20 கிலோவாட் சூரியத் தகடு போடலாம். ஒரு கிலோவாட்டுக்குச் சுமார் 100 சதுர அடி இடம், நாளைக்குச் சராசரி 4 யூனிட். 20 கிலோவாட்டுக்கு 2,000 சதுர அடி, மாதம் 2,400 யூனிட். முழுவதையும் நாமே பயன்படுத்தினால் 20,000 ரூபாய்க்கு மேல் மிச்சம். மோட்டாரை விடியற்காலைக்குப் பதில் பகலில் ஓட்டினால் அந்த யூனிட் நேராக அதற்கே போகும். 2024 பிப்ரவரியில் அறிவித்த பி.எம். சூர்ய கர் திட்டத்தில் குடியிருப்போர் சங்கங்களின் பொதுப் பயன்பாட்டுக்குக் கிலோவாட்டுக்கு 18,000 ரூபாய் மானியம் உண்டு. நமக்கு 3,60,000 ரூபாய். ஒன்றை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன், இது ஷட்டவுனுக்கு உதவாது. லைனில் கரன்ட் இல்லையென்றால், சூரியத் தகடோடு வரும் இன்வெர்ட்டர்கள் தானாக நின்றுவிடும். கம்பத்தில் வேலை செய்யும் லைன்மேன் உயிருக்காக வைத்த ஏற்பாடு அது. ஷட்டவுனுக்கு இருக்கும் 82.5 கே.வி.ஏ.வே தாராளம். துணி காயப்போடும் இடம் போய்விடும் என்று சிலர் சொல்வார்கள். தகடுகளை ஏழடி உயரத்தில் சட்டம் கட்டி நிறுத்தினால் அடியில் நிழலும் கிடைக்கும், கொடியும் கட்டலாம்.

எலக்ட்ரிக் ஸ்கூட்டர் வைத்திருப்பவர்கள் பொது பிளக்கில் சார்ஜ் போடுகிறார்கள் என்று சுற்றறிக்கையில் ஒரு வரி குத்தலாக வருகிறது. ஒரு தடவை முழுதாக ஏற மூன்று, நான்கு யூனிட். யார் எவ்வளவு எடுத்தார்கள் என்று பார்க்க ஒரு சப்-மீட்டர் வையுங்கள், பிரச்சினை முடிந்தது. மீட்டர் இல்லாத இடத்தில் சந்தேகம்தான் ஓடும்.

நான் கேட்பது இவைதான். காவலர் அறைகளின் மின்விசிறிகளை உடனே திரும்ப மாட்டுங்கள். இதற்குப் பொதுக்குழு தேவையில்லை, எலக்ட்ரீஷியனிடம் ஒரு வார்த்தை போதும். குறைந்த மின்சாரத்தில் ஓடும் 28 வாட் பி.எல்.டி.சி. மின்விசிறியாக மாட்டினால் செலவு பாதியாகிவிடும். அதை வாங்கித் தர நான் தயார், நன்கொடைப் பலகையில் பெயர் எழுத வேண்டாம். லிஃப்ட் தடையை எழுத்தில் திரும்பப் பெறுங்கள். வாய்மொழியாக வேண்டாம். தடை எழுத்தில்தான் வந்தது.

‘பி’ பிளாக் ஃப்ளோட் சுவிட்ச், ஃபுட் வால்வு, இம்பெல்லர் மூன்றையும் இந்த மாதத்துக்குள் மாற்றுங்கள். பார்க்கிங் ட்யூப்களை அடுத்த பில் வருவதற்குள் மாற்றுங்கள். பம்ப், லிஃப்ட், பார்க்கிங், கிளப் ஹவுஸ் நான்குக்கும் தனித்தனி சப்-மீட்டர் வைத்து, மாதா மாதம் யூனிட் கணக்கை, ரூபாயை மட்டுமல்ல, யூனிட்டை, அறிவிப்புப் பலகையில் ஒட்டுங்கள். கடந்த இரண்டு வருட ஈ.பி. பில்களையும் டீசல் ரசீதுகளையும் ஜெனரேட்டர் ஓடிய நேரப் பதிவையும் உறுப்பினர்கள் பார்க்கக் கொடுங்கள். இவை முடிந்து இரண்டு பில் வரும்வரை 300 ரூபாய் உயர்வை நிறுத்தி வையுங்கள்.

ஜெனரேட்டர் கொள்முதலைக் குழுவாக முடிவு செய்யாதீர்கள். சிறப்புப் பொதுக்குழு கூட்டி, அங்கீகாரம் பெற்ற எரிசக்தித் தணிக்கையாளர் ஒருவரின் அறிக்கையோடும், சூரியத் தகடுக்கான விலைப்புள்ளிகளோடும் சேர்த்து ஓட்டுக்கு விடுங்கள். வாடகைக்காரர்களையும் பேச அனுமதியுங்கள். என் ரீடிங் நோட்டின் நகலைச் சங்க அலுவலகத்தில் கொடுத்திருக்கிறேன், தேதியும் நேரமும் போட்டது. தப்பு என்று நினைப்பவர்கள் என்னோடு மீட்டர் அறைக்கு வரலாம். இந்தக் கடிதத்துக்கு 15 நாளில் எழுத்தில் பதில் வேண்டும். வரவில்லையென்றால், சிறப்புக் கூட்டம் கேட்டு உறுப்பினர்களிடம் கையெழுத்து வாங்கத் தொடங்குவேன்.

இப்படிக்கு,
‘பி’ பிளாக் உறுப்பினர் ஒருவர்